நுண்பெருக்கியும் கைவிளக்கும்

புற்றுநோயைக் காண இரத்தத் துளி போதுமா? – ஓர் ஆய்வு

நெகிரி செம்பிலான் மாநிலத்துக்கும் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் எனப்படும் மின்னணு நுண்பெருக்கிக்கும் மறக்கவொண்ணாத தொடர்பு ஒன்று உண்டு. 1998-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதக் கடைசியில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் தலைகாட்டிய மூளைக் காய்ச்சல், அவ்வாண்டு முடிவதற்குள் சிரம்பானை அடுத்த சிக்காமாட்டை எட்டியது. பின்னர்ப் போர்ட்டிக்சன் மாவட்டத்துப் புக்கிட் பெலாண்டோக் பகுதியில் பெருந்தீயாய்ப் பரவிற்று. கொசுவினால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றே முதலில் அதனைக் கொண்டனர். புகை அடித்தனர், தடுப்பூசி போட்டனர், மரணம் நின்றபாடில்லை. 1999 மார்ச் மாதத் தொடக்கத்தில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் டாக்டர் சுவா காவ் பிங், நோயாளிகளின் மூளைத் தண்டுவட நீரிலிருந்து ஒரு வைரஸ் கிருமியை வளர்த்துப் பிரித்தெடுத்தார். அமெரிக்காவுக்கு எடுத்துச் செல்லப்பட்ட அக்கிருமியை மின்னணு நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபொழுது, அதன் உருவம் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் கிருமியின் உருவமாக இல்லை. தட்டம்மை, கூகைக்கட்டு ஆகியவற்றின் கிருமிகளைக் கொண்ட குடும்பத்தின் சாயலே அதில் இருந்தது. சுங்கை நிப்பா என்னும் கிராமத்தின் பெயரால் அது நிப்பா வைரஸ் ஆயிற்று. கொசுவை விட்டுப் பன்றியின்மேல் நடவடிக்கை திரும்பியது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. 265 பேர் நோயுற்று 105 பேர் மாண்ட அந்தக் கொள்ளைநோய் அதன் பின்னரே அடங்கிற்று.

இத்தகைய வெற்றி எந்தக் கருவிக்கும் பெரும் புகழைத் தரும். அந்தப் புகழின் நிழலிலேதான் வேறொரு கருத்தும் வளர்ந்து வருகின்றது. "மிக உயர்ந்த மின்னணு நுண்பெருக்கியில் ஒரு துளி இரத்தத்தை வைத்துப் பார்த்தால், உடலில் எந்த மூலையில் புற்றுநோய் ஒளிந்திருந்தாலும் இரத்த அணுக்கள் அதனைக் காட்டிக் கொடுத்துவிடும்" என்பது அக்கருத்து. கேட்பதற்கு இனியது, கத்தியில்லை, வலியில்லை, ஒரு துளி இரத்தம் போதும். ஆயினும் இனிமையும் உண்மையும் எப்பொழுதும் ஓரிடத்தில் இருப்பதில்லை. தோட்டப்புறத் தமிழரின் நலத்தை முன்வைத்து இக்கருத்தை நிறுத்துப் பார்ப்பது பயனுடையதாகும்.

தோட்டம் இரத்தத்தை நம்பிய கதை

இரத்தத் துளியின்மேல் தோட்டத்து மக்கள் வைத்துள்ள நம்பிக்கை மூடநம்பிக்கையன்று. அதற்கு வரலாறு உண்டு. ரப்பர் நடுவதற்காகக் காடு அழிக்கப்பட்ட நாள்களில் மலைச்சரிவுகளில் ஓடிய தெளிந்த நீரோடைகள் வெயிலுக்கு வெளிப்பட்டன. அவற்றில் பெருகிய கொசு மலேரியாவைக் கொண்டுவந்தது. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் லயங்களில் கொத்துக் கொத்தாக மடிந்தனர். 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டார். 1900-இல் கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. 1901 முதல் கிள்ளானில் மால்கம் வாட்சன் சதுப்பு வடித்தும் எண்ணெய் தெளித்தும் மலேரியாவை ஒடுக்கும் வழியைக் காட்டினார்.

அக்காலந்தொட்டுத் தோட்ட ஆஸ்பத்திரியில் காய்ச்சல் என்று போனவருக்கு டிரெசர் முதலில் செய்தது விரல் நுனியில் ஊசியால் குத்தி ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவியதுதான். சாயம் ஏற்றிய அத்துளியில் கிருமி தெரிந்தால் மலேரியா, மருந்து கொடுக்கலாம், பிழைத்துக் கொள்ளலாம். யானைக்கால் நோயின் புழுவையும் இரவில் எடுத்த இரத்தத்தில் இவ்வாறே கண்டனர். ஆகவே, "இரத்தத்தைப் பார்த்தால் நோய் தெரியும்" என்பது தோட்டத்தில் மூன்று தலைமுறை கண்ட அனுபவம்.

ஆனால் இந்த அனுபவத்தின் உள்ளே ஒரு நிபந்தனை அடங்கியிருக்கின்றது. மலேரியாக் கிருமி குடியிருப்பதே இரத்தச் செவ்வணுவுக்குள்தான். நோயின் இருப்பிடமும் பார்க்கும் இடமும் ஒன்று. அன்றியும் அதன் தொகை பெரிது. பயிற்சி பெற்ற ஒருவர் சாதாரண நுண்பெருக்கியில் கிருமியைக் கண்டு சொல்ல, ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 50,000 கிருமிகளாவது இருத்தல் வேண்டும். காய்ச்சலோடு வருபவரிடம் பெரும்பாலும் அதனினும் பன்மடங்கு இருக்கும். இந்த இரண்டு நிபந்தனைகளும், அதாவது இடமும் தொகையும், புற்றுநோய்க்குப் பொருந்துமா என்பதே கேள்வி.

கருவி காட்டுவது எது?

சாதாரண நுண்பெருக்கி ஒளியைக் கொண்டு பார்ப்பது. ஒளி அலையின் நீளமே அதற்கு எல்லை. ஒரு மில்லி மீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு கூறு ஒரு மைக்ரான். அந்த மைக்ரானில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைந்த பொருளை ஒளி பிரித்துக் காட்டாது. 1931-இல் பெர்லினில் எர்ன்ஸ்ட் ருஸ்கா, மாக்ஸ் நோல் என்னும் இருவர் ஒளிக்குப் பதிலாக எலெக்ட்ரான் கற்றையையும், கண்ணாடி வில்லைக்குப் பதிலாகக் காந்தச் சுருளையும் வைத்து இந்த எல்லையை உடைக்க வழி கண்டனர். ருஸ்காவுக்கு நோபல் பரிசு 1986-இல்தான் வந்தது. இன்றைய கருவிகள் ஒரு மைக்ரானின் ஆயிரத்தில் ஒரு பங்கான நானோமீட்டரினும் சிறியவற்றைக் காட்ட வல்லவை.

இந்த வல்லமைக்கு ஒரு விலை உண்டு. காற்றில் எலெக்ட்ரான் சிதறிவிடும். ஆகையால் கருவியின் உள்ளே வெற்றிடம் வேண்டும். வெற்றிடத்தில் ஈரமான உயிரணு நிலைக்காது. எனவே வழக்கமான முறையில் அணுவை மருந்திட்டுக் கொன்று, கெட்டிப்படுத்தி, நீரை அகற்றி, பிசினில் புதைத்து, வைரக் கத்தியால் 60 முதல் 90 நானோமீட்டர் வரை பருமனுள்ள தகடுகளாகச் சீவி, ஈயம், யுரேனியம் ஆகியவற்றின் உப்புகளால் சாயமேற்றியே பார்க்கின்றனர். பன்னிரண்டு மைக்ரான் அகலமுள்ள ஒரு வெள்ளணுவை இவ்வாறு சீவினால் ஏறத்தாழ 150 தகடுகள் கிடைக்கும். ஒரு தகட்டில் தெரிவது அந்த அணுவின் ஒரு குறுக்குவெட்டு மட்டுமே. காலைத் தொட்டவர் யானையைத் தூண் என்றதும், காதைத் தொட்டவர் முறம் என்றதும் இங்கே நினைவுக்கு வரும்.

எளிய கணக்கு

இனித் தொகைக்கு வருவோமாயின், கணக்கே தீர்ப்பு வழங்கிவிடுகின்றது. ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 500 கோடிச் செவ்வணுக்கள் உள்ளன; வெள்ளணுக்கள் 40 லட்சம் முதல் 110 லட்சம் வரை இருக்கலாம். மார்பிலோ குடலிலோ தோன்றிய கட்டியிலிருந்து கழன்று இரத்தத்தில் மிதக்கும் புற்றணுக்கள் உண்டென்பது மெய்யே. 1869-இல் மெல்போர்ன் மருத்துவமனையில் ஆஷ்வொர்த் என்பவர், புற்றுநோயால் இறந்த ஒருவரின் இரத்தத்தில் அத்தகைய அணுக்களைச் சாதாரண நுண்பெருக்கியாலேயே கண்டார். ஆனால் நோய் உடலெங்கும் பரவியவரிடத்தும் அவை ஒரு மில்லி லிட்டருக்குப் பெரும்பாலும் பத்துக்கு உட்பட்டவையே. நோய் தொடங்கும் நிலையில் அதனினும் அரியவை.

எழுபது லட்சம் வெள்ளணுக்களை, ஒரு நிமிடத்துக்கு ஒன்றாக, இரவும் பகலும் ஓயாமல் ஒருவர் பார்த்து வருவதாக வைத்துக் கொள்ளலாம். ஒரு மில்லி லிட்டரைப் பார்த்து முடிக்க 13 ஆண்டுகள் ஆகும். தகடு சீவும் நேரம் இதில் சேரவில்லை. வைக்கோற்போரில் ஊசி தேடுவதற்கு, ஒவ்வொரு வைக்கோலையும் பல்லாயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பது உதவாது. ஒரு காந்தம்தான் வேண்டும். அறிவியல் அறிஞர் செய்ததும் அதுவே. புற்றணுவின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளைக் காந்தத் துகளில் பூசி, ஏழரை மில்லி லிட்டர் இரத்தத்திலிருந்து அவ்வணுக்களை இழுத்தெடுத்து எண்ணும் முறைக்கு 2004-இல் அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது. அம்முறையும் நோய் பரவிவிட்டவரின் போக்கை அறியவே அனுமதிக்கப்பட்டது. நலமாய் இருப்பவரிடம் நோயைத் தேடுவதற்கு அன்று.

உருப்பெருக்கம் வேறு, கண்டுபிடித்தல் வேறு. ஒரு பொருளைப் பெரிதாகக் காட்டும் ஆற்றல் மிகுந்தால், ஒரே பார்வையில் அடங்கும் பரப்பு சுருங்கும். அரியதைத் தேடுவோருக்குப் பரப்பே முதற்பொருள்.

கொடுக்க வேண்டிய புகழ்

இவ்வாறு கூறுவதால் புற்றுநோய் ஆராய்ச்சியில் மின்னணு நுண்பெருக்கிக்குப் பங்கில்லை என்று கொள்ளலாகாது. 1964-இல் லண்டனில் எப்ஸ்டைன், அச்சோங், பார் என்னும் மூவர், உகாண்டாவிலிருந்து வந்த குழந்தைகளின் தாடைக் கட்டியிலிருந்து வளர்த்த அணுக்களில் ஒரு வைரஸைக் கண்டனர். மனிதரின் புற்றுநோயோடு தொடர்புள்ளதாக அறியப்பட்ட முதல் வைரஸ் அதுவே. கண்டது மின்னணு நுண்பெருக்கியாலேயே. 1968-இல் லட்ஸ்னர், ஜோர்டான் ஆகிய இருவர், தோலில் தொடங்கும் ஒருவகை வெள்ளணுப் புற்றில் அணுவின் உட்கரு மூளையின் மடிப்புகளைப்போல் மடிந்திருப்பதைக் காட்டினர். இரத்தத் தட்டணுக்களைப் பிறப்பிக்கும் தாயணுக்களில் தோன்றும் இரத்தப் புற்றை மற்ற வகைகளிலிருந்து பிரித்தறியவும் ஒரு காலத்தில் இக்கருவியே உறுதுணையாய் இருந்தது.

இந்த எடுத்துக்காட்டுகளை உற்று நோக்கினால் ஒன்று புலப்படும். முதலாவதில் கட்டியின் அணுக்களே வளர்க்கப்பட்டன. மற்ற இரண்டிலும் நோய் இரத்த அணுவின் நோய். அந்நோயாளிகளின் இரத்தத்திலும் எலும்பு மஜ்ஜையிலும் கெட்ட அணுக்கள் மலிந்து கிடந்தன. நோய் உண்டென்பது முன்பே தெரியும். அது எந்த வகை என்பதே கேள்வி. பிற்காலத்தில் அந்தக் கேள்விக்கும் எதிர்ப்பொருள் சோதனைகளும் மரபணுச் சோதனைகளும் விரைவாக விடை சொல்லத் தொடங்கியதால், கருவி பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடத்துக்குத் திரும்பிவிட்டது. இரத்தப் புற்று இருக்குமோ என்ற முதல் ஐயத்தை எழுப்புவதற்கு இன்றைக்கும் சாதாரண இரத்த எண்ணிக்கையும் சாயமேற்றிய ஒரு கண்ணாடித் துண்டுமே போதும். சிரம்பானில் உள்ள துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்குப் போகும் தோட்டத் தொழிலாளிக்கும் அதுவே முதற்படி.

நிப்பாவின் கதையும் இதையே சொல்லுகின்றது. வளர்ப்புக் கலத்தில் பல்கிப் பெருகிய ஒரு கிருமியின் குலத்தைச் சொன்னதே நுண்பெருக்கியின் பணி. அதன் பின்னர் யார் யாருக்கு அந்நோய் தொற்றியது என்பதை, இரத்த நீரில் எதிர்ப்பொருள் தேடும் சோதனைகளைக் கொண்டே கண்டறிந்தனர்.

திரையில் ஆடும் அணுக்கள்

இக்கருத்தின் மலிவான வடிவம் ஒன்றும் பல நாடுகளில் உலவுகின்றது. விரலில் எடுத்த இரத்தத்தை உடனே ஒரு நுண்பெருக்கியில் வைத்து, இருண்ட பின்னணியில் ஒளிரும் அணுக்களைத் திரையில் காட்டி, "இதோ நச்சு, இதோ புற்றுக்கு முன்னோடி" என்று உரைத்து, முடிவில் மாத்திரைப் புட்டி ஒன்றை விற்பது அதன் முறை. அது மின்னணு நுண்பெருக்கியுமன்று, ஒளி நுண்பெருக்கியே. ஜெர்மானியரான என்டர்லைன் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டிய ஒரு கொள்கையே இதன் வேர். இரத்தத்தில் உறையும் நுண்ணுயிர் வடிவம் மாறி மாறிப் புற்றாக முடியும் என்றார் அவர். மருத்துவ உலகம் ஏற்கவில்லை.

கொள்கையைத் தள்ளிவிட்டு, முறை பலிக்கின்றதா என்று மட்டும் பார்ப்போரும் உண்டு. ஜெர்மனியின் கீசன் நகரப் பல்கலைக்கழகத்தார் 2005-இல் வெளியிட்ட ஆய்வு அத்தகையது. 110 நோயாளிகளில் 12 பேருக்குப் புற்று பரவியிருப்பது படக்கருவிகளால் உறுதியாயிற்று. இருண்ட பின்னணி முறையில் தேர்ந்தவர் அந்தப் பன்னிருவரில் கண்டுபிடித்தது மூவரை மட்டுமே. பரவிய புற்றையே நால்வரில் மூவரிடம் தவறவிடும் சோதனை, முளைவிடும் புற்றைக் கண்டு சொல்லும் என்று நம்புவது எங்ஙனம்? காய்ந்து சுருங்கும் செவ்வணுவும், ஒன்றன்மேல் ஒன்றாய் நாணயம்போல் அடுக்கிக்கொள்ளும் செவ்வணுவும் நலமுள்ளவர் இரத்தத்திலும் தோன்றும். திரையில் தம் இரத்தத்தைக் காணும் எளியவர் அச்சம் கொள்ளுதல் இயல்பு. அச்சத்தின் பின்னே பணம் போகின்றது. பணத்தினும் மேலாகக் காலம் போகின்றது.

இரத்தச் சோதனை வென்ற இடம்

இரத்தத்தைக் கொண்டு புற்றுநோயை முன்னறிதல் முற்றிலும் இயலாது என்பதும் பிழை. ஹாங்காங்கில் 2017-இல் வெளிவந்த ஆய்வு நல்ல சான்று. மூக்கின் பின்புறத்தில் தோன்றும் தொண்டைப் புற்று தென்சீன மரபினரிடம் மிகுதி. மலேசியாவில் சீனரிடமும் சரவாக் பிடாயூ மக்களிடமும் மிகுதி. 1964-இல் கண்ட அதே வைரஸ் இந்தப் புற்றின் அணுக்களில் குடியிருக்கின்றது. அணு அழியும்போது வைரஸின் மரபுப் பொருள் இரத்தத்தில் கசிகின்றது. நோயறிகுறி எதுவுமற்ற 20,174 சீன ஆடவரின் இரத்தத்தில் அதனைத் தேடியதில் 34 பேருக்குப் புற்று இருப்பது தெரிந்தது. அவர்களுள் 71 விழுக்காட்டினர் முதல் இரண்டு நிலைகளிலேயே இருந்தனர். முன்பெல்லாம் அந்நிலையில் வந்தவர் 20 விழுக்காட்டினரே.

இங்கே வென்றது எது? உருப்பெருக்கம் அன்று, அணுவை எவரும் பார்க்கவில்லை. இந்தப் புற்று எதை இரத்தத்தில் விடுகின்றது என்பது முன்பே அறியப்பட்டிருந்தது. எந்த மக்களிடம் தேடவேண்டும் என்பதும் அறியப்பட்டிருந்தது. பல்லாயிரவரிடம் செய்து பார்த்துக் கணக்கும் காட்டப்பட்டது. ஒரு சோதனையை நம்பலாமா என்று கேட்போருக்கு இம்மூன்றுமே உரைகல். "எல்லாப் புற்றையும், எல்லாரிடமும், ஒரே துளியில்" என்னும் கூற்று இம்மூன்றில் ஒன்றிலும் தேறவில்லை.

தோட்டத்தின் புற்று எங்கே இருக்கின்றது?

இனி, லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ், கெமாஸ் வட்டாரங்களில் பால் வெட்டியும் செம்பனை அறுத்தும் ஓய்ந்தவர்களுக்கு எந்தப் புற்று அச்சுறுத்தல் என்று பார்க்க வேண்டும். விடை புதியதன்று. மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த மார்ஸ்டன் 1960-இலேயே மலாயாவின் "வெற்றிலைப் புற்று" பற்றி எழுதினார். 1966-இல் ஹிராயாமா உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில், மலேசியாவும் இலங்கையும் இந்தியாவும் அடங்கிய வட்டாரத்தில் வாய்ப்புற்றுக்கும் வெற்றிலை புகையிலைக்கும் உள்ள தொடர்பை எண்களால் நிறுவினார். 1993-94-இல் மலேசியா எங்கும் 25 வயதுக்கு மேற்பட்ட 11,697 பேரின் வாயைப் பரிசோதித்த தேசிய ஆய்வில், புற்றுக்கு முன்னோடியான மாற்றங்கள் சீனரிடம் 0.5 விழுக்காடும், இந்தியரிடம் 4 விழுக்காடும் காணப்பட்டன. நாட்டு மக்களில் இந்தியர் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வாய்ப்புற்று நோயாளிகளில் அவர்களின் பங்கோ மிகப் பெரிது. பிற நாடுகளில் ஆடவரை அதிகம் பற்றும் இந்நோய், மலேசிய இந்தியரிடையே பெண்களை அதிகம் பற்றுவதும் கருதத்தக்கது.

காரணம் சுருக்குப் பையில் இருக்கின்றது. விடியுமுன் பெரட்டுக் களத்துக்கு ஓடிய பெண்ணுக்கு வெற்றிலை பசியை மறக்கச் செய்தது, தூக்கத்தை விரட்டியது, தனி நிரையில் நாளெல்லாம் மரம் சீவியவளுக்குத் துணையாய் இருந்தது. கல்யாணத்திலும் காரியத்திலும் வெற்றிலைத் தட்டு மரியாதையின் அடையாளம். பல் போன பின்னரும் சிற்றுரலில் இடித்து வாயில் அடக்கினர். சிலர் அடக்கிய நிலையிலேயே உறங்கினர். கன்னத்தின் உட்புறத்தில் அந்த உருண்டை கிடந்த இடத்திலேயே புண் தோன்றுவதை மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் கண்டுள்ளனர். புகையிலை மட்டுமே குற்றவாளி என்று முன்னர் எண்ணினர். அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1985-இல் புகையிலை சேர்ந்த வெற்றிலையையும், 2004-இல் புகையிலை சேராத வெற்றிலையையும் பாக்கையுமே புற்று விளைவிப்பவை என வகைப்படுத்தியது. "புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்குத்தான்" என்பவருக்கும் ஆபத்து உண்டு.

இந்த நோய் ஒளிந்திருப்பதில்லை என்பதே இதன் தனித்தன்மை. கன்னத்தின் உட்புறத்தில் துடைத்தாலும் போகாத வெண்படலம், அதனினும் கொடிய செம்படலம், காரம் பட்டால் எரியும் வாய், வரவர விரல்கள் நுழையாதபடி இறுகும் தாடை, இரண்டு வாரத்தில் ஆறாத புண், காரணமின்றி ஆடும் பல் ஆகிய யாவும் கண்ணுக்குத் தெரிபவை. ஒரு கைவிளக்கும் சிறு கண்ணாடியும் கொண்டு ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். அப்படியிருந்தும் மலேசியாவில் வாய்ப்புற்று நோயாளிகளில் பெரும்பாலோர் மூன்றாம், நான்காம் நிலையிலேயே மருத்துவமனைக்கு வருகின்றனர். கண்ணுக்குத் தெரியும் நோயைப் பார்க்காமல் விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாததை இரத்தத்தில் தேடுவதன் பொருத்தமின்மை இங்கே விளங்கும்.

திருவனந்தபுரம் தந்த சான்று

"வாயைப் பார்ப்பதால் உயிர் பிழைக்குமா? அதற்கும் சான்று வேண்டாமா?" என்று கேட்பது நியாயம். நுண்பெருக்கிக்கு வைத்த உரைகல்லைக் கைவிளக்குக்கும் வைத்தல் வேண்டும். கேரளத்தில் திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்தார் 1996-இல் தொடங்கிய சோதனை இதற்கு விடை. 13 பஞ்சாயத்துகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, 35 வயதுக்கு மேற்பட்டோரில் ஒரு பிரிவினர் 96,517 பேருக்கு மூன்றாண்டுக்கு ஒரு முறை வாயைப் பார்த்தனர். மறு பிரிவினர் 95,356 பேரை வழக்கம்போல் விட்டனர். பார்த்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற பட்டதாரிகளே. 2005-இல் வெளியான முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்று மரணம் 34 விழுக்காடு குறைந்தது.

இம்முடிவின் எல்லையையும் மறைத்தலாகாது. அப்பழக்கம் எதுவும் இல்லாதவரையும் சேர்த்துக் கணக்கிட்டபொழுது, மரணம் குறைந்ததாகத் தோன்றினாலும் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற ஐயம் நீங்கவில்லை. ஆகவே ஊரார் எல்லாருடைய வாயையும் பார்ப்பது தேவையென்று அந்த ஆய்வு சொல்லவில்லை; பழக்கமுள்ளவரின் வாயைப் பார்ப்பது பயன் தரும் என்றே சொன்னது. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வெற்றிலைப் பை வைத்திருக்கும் மூதாட்டி யார் என்பது அண்டை வீட்டார் அனைவரும் அறிந்ததே. தேடவேண்டியவர் யார் என்பதை அறிய எந்த எந்திரமும் தேவையில்லை.

மறுப்பும் விடையும்

ஏழைத் தொழிலாளிக்குக் கைவிளக்கு, நகரத்துச் செல்வருக்கு நுண்பெருக்கி என்று பாகுபடுத்துவதாக இவ்வாதத்தைச் சிலர் குறைகூறலாம். உயர்ந்த கருவி தோட்டத்துக்கும் வரவேண்டும் என்பது அவர்கள் வாதம். உரிமையுணர்வில் பிறந்த அவ்வாதம் மதிக்கத்தக்கது. ஆனால் மருத்துவத்தில் உயர்வு என்பது கருவியின் விலையில் இல்லை. அது காக்கும் உயிரின் தொகையில் இருக்கின்றது. நகரத்துச் செல்வரின் வாய்ப்புற்றையும் முதலில் கண்டு சொல்லப்போவது கைவிளக்குத்தான். ஐயம் எழுந்த பின்னர், அவ்விடத்துத் தசையில் சிறு துணுக்கை எடுத்துச் சாதாரண நுண்பெருக்கியில் பார்ப்பதே அவருக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் பொதுவான உறுதிச் சோதனை. மலேசியாவில் 1969 முதல் நடந்துவந்துள்ள கருப்பை வாய்ச் சோதனையும் அவ்விடத்து அணுவை எடுத்தே பார்த்தது. நோய் எங்கே பிறக்கின்றதோ அங்கே பார்க்க வேண்டும் என்பது செல்வர் வறியர் என்று பாராத விதி.

உண்மையான ஏற்றத்தாழ்வு வேறிடத்தில் இருக்கின்றது. மலேசியச் சுகாதார அமைச்சின் பல் மருத்துவப் பிரிவு 1990-களின் பிற்பகுதியிலிருந்தே, வாய்ப்புற்று அபாயம் மிகுந்த மக்களை அவர்கள் இருக்குமிடம் சென்று பரிசோதிக்கும் திட்டத்தை வகுத்துள்ளது. தோட்டத்து இந்தியர் அதில் முதன்மையான இலக்கு. ஆனால் தோட்டமே கலைந்துவிட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் நீலாய், சிரம்பான் பக்கங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயத்தில் வரிசையாய் வாழ்ந்தவர்கள் செனாவாங்கிலும் நீலாயிலும் அடுக்குமாடிகளில் சிதறிக் கிடக்கின்றனர். லயத்தில் ஒரு காலைப்பொழுதில் நூறு வாய்களைப் பார்த்துவிட முடிந்தது. அடுக்குமாடியில் ஒவ்வொரு கதவாய்த் தட்ட வேண்டும். வெற்றிலைப் பழக்கமோ முதியவர்களோடு கூடவே குடிபெயர்ந்து சென்றது. டிரெசர் இல்லை, கோயில் திருவிழா இருக்கின்றது, தமிழ்ப்பள்ளி இருக்கின்றது, மாதர் சங்கம் இருக்கின்றது. கைவிளக்கை ஏந்திச் செல்லும் பல் மருத்துவக் குழு அவற்றின் வாயிலில் நிற்குமாறு கேட்பதுதான் இன்றைய உரிமைக் குரலாக இருத்தல் தகும்.

முடிபு

மலேரியா நாளில் இரத்தத் துளி தோட்டத்தைக் காத்தது. நோய் இரத்தத்தில் இருந்தமையால் காத்தது. நிப்பா நாளில் மின்னணு நுண்பெருக்கி நெகிரி செம்பிலானைக் காக்க உதவியது. கிருமியின் குலம் எது என்ற கேள்விக்கு அது தக்க கருவியாய் இருந்தமையால் உதவியது. அவ்விரண்டையும் ஒட்டவைத்து, நுண்பெருக்கியில் வைத்த இரத்தத் துளி எல்லாப் புற்றையும் சொல்லும் என்று முடிவு கட்டுவது, பெருமை பெற்ற இரண்டு பெயர்களை அவற்றுக்கு உரியதல்லாத பணிக்கு இழுப்பதாகும். நாளை இரத்தத்திலிருந்து வாய்ப்புற்றை அறியும் முறை ஒன்று எழலாம். எழுந்தால் அதுவும் இடம், தொகை, கணக்கு என்னும் உரைகற்களில் தேறியே வரட்டும். அதுவரை, பேரன் தன் கைபேசியின் விளக்கை ஏற்றி, "பாட்டி, கொஞ்சம் வாயைத் திறங்க" என்று கேட்பது சிறு செயலாகத் தோன்றலாம். வெண்படலமோ ஆறாத புண்ணோ தென்பட்டு, அவர் அந்த வாரமே பாட்டியைப் பல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வாராயின், எந்த நுண்பெருக்கியும் அந்தப் பாட்டிக்குச் செய்யாத நன்மையை அச்செயல் செய்துவிடும்.